வரவேற்பறைக்கு டெரகோட்டா: நான்கு சுவர்களுக்கும் பூசலாமா?

செந்தூல்வாசி:
கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு. தீபாவளிக்குள் வரவேற்பறைக்குச் சாயம் பூச வேண்டும். எனக்கு ஆழ்ந்த டெரகோட்டா, அதாவது சுட்ட செங்கல் நிறம்தான் வேண்டும், ஆரஞ்சு வேண்டாம். கடையில் தந்த மாதிரி அட்டையைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். காலையில் அழகாக இருக்கிறது. மாலையில் மேற்குச் சன்னல் வழியே வெயில் இறங்கியதும் அதே அட்டை கண்ணைக் கூசுகிறது. இரவில் குழல் விளக்கைப் போட்டால் வெறும் பழுப்பு. மாமியார், "கோயில் மதிலா எழுப்பப் போகிறாய்?" என்கிறார். தரை பளபளக்கும் வெள்ளை ஓடு, சோபா கறுப்பு. நான்கு சுவர்களுக்கும் பூசலாமா?

பழைய பெயிண்டர்:
தங்கச்சி, சாயத்தைக் குறை சொல்லாதீர்கள், விளக்கைப் பாருங்கள். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் நீலம் மிகுதி, சிவப்பு எடுபடாது. முதலில் மஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வின் விளக்கை மாட்டுங்கள். சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாலை வெயில் நேராக விழும், அதை விட்டுவிடுங்கள். பக்கச் சுவர் ஒன்று போதும். கையகல அட்டையை நம்பவும் வேண்டாம். பெரிய பலகையில் இரண்டு பூச்சுப் பூசி, அறைக்குள் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள்.

அடர்நிறச் சாயத்தில் வெள்ளை நிறமி குறைவாக இருப்பதால் அடியில் உள்ளதை எளிதில் மறைக்காது. வெள்ளைச் சுவரில் நேராகப் பூசினால் நான்கு பூச்சுகூடக் கேட்கும். அதே நிறச் சாயலில் பிரைமர் என்னும் அடிப்பூச்சை அடித்தால் இரண்டில் முடியும். டின்கள் பல என்றால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் சுவரின் நடுவில் நிறம் மாறும். பிறகு யாரைத் திட்டுவது?

ஜார்ஜ் டவுன் அக்கா:
உங்கள் வீடு சிமெண்டுச் சுவர், கொடுத்து வைத்தவர். பினாங்கில் நாங்கள் இருப்பது பழைய கடைவீடு, செங்கல்லின்மேல் சுண்ணாம்புப் பூச்சு. உங்கள் சுவருக்குப் பூசும் எமல்ஷன் சாயத்தை இதில் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து உரிந்துவிடும். அதனால் சுண்ணாம்பில் காவி கலந்தே பூசினோம். காவி என்பது இரும்பு ஆக்சைடு. வெயிலுக்கும் வெளுக்காது, சுண்ணாம்பின் காரத்துக்கும் அசையாது. இங்குள்ள நீல மாளிகையின் சுவரும் சுண்ணாம்பில் அவுரி கலந்து பூசியதுதான்.

உங்கள் அறையில் என்னை உறுத்துவது அந்தக் கறுப்புச் சோபா. மாற்ற முடியாது என்றால் பிரம்பு நாற்காலி ஒன்றைப் பக்கத்தில் போடுங்கள், பாய் விரித்துத் தரையின் பளபளப்பைக் குறையுங்கள். பித்தளைக் குத்துவிளக்கு இருந்தால் அதற்கு இதைவிடப் பொருத்தமான பின்னணி கிடைக்காது.

பிரிக்ஃபீல்ட்ஸ் தம்பி:
நான் நான்கு சுவர்களுக்கும் பூசச் சொல்வேன். ஒற்றைச் சுவர் என்பது பயந்தவர்கள் செய்வது. 1881 தீ விபத்துக்குப் பிறகு கோலாலம்பூரே செங்கல்லும் ஓடுமாகத்தான் எழுந்தது, அதற்கான சூளைகள் எரிந்தது எங்கள் பக்கத்தில்தான். மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

செந்தூல்வாசி:
தம்பி, அவரிடம் நீங்களே வந்து சொல்லுங்கள்! பக்கச் சுவர் ஒன்று மட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். பதினொரு சதுர மீட்டர் வரும். எத்தனை லிட்டர் வாங்குவது?

பழைய பெயிண்டர்:
ஒரு பூச்சுக்கு லிட்டருக்கு ஏறக்குறையப் பத்துச் சதுர மீட்டர். 5 லிட்டர் டின் ஒன்று தாராளம். மிச்சத்தை இறுக மூடி வையுங்கள். பளபளப்பில்லாத மேட் பூச்சில் நாற்காலி உரசிய தடம் நிச்சயம் விழும், தொட்டுப் பூச உதவும்.