நோர்டிக் குற்றக்கதைகள்: அவரவர் அனுபவம்

நோர்டிக் நாடுகளின் (டென்மார்க், ஸ்வீடன், நோர்வே, ஐஸ்லாந்து, ஃபின்லாந்து) குற்றக்கதைகளுக்குள் எந்த வாசல் வழியாக வந்தீர்கள் என்று எழுதுங்கள். நான் டென்மார்க் வழியாக வந்தேன். 2007இல் டேனிஷ் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஃபோர்பிரைடெல்சன்’ தொடர்தான் என்னை இழுத்து உட்கார வைத்தது. ‘தி கில்லிங்’ என்ற பெயரில் பலரும் அறிந்திருப்பீர்கள். முதல் சீசனில் 20 பகுதிகள், ஒவ்வொரு பகுதியும் விசாரணையின் ஒரு நாள். நன்னா என்ற 19 வயதுப் பெண்ணின் கொலைதான் மொத்தக் கதைக்கும் மையம்.

கொலையாளி யார் என்று தெரிந்துகொள்ளும் ஆவலில்தான் பார்க்கத் தொடங்கினேன். ஆனால் முதல் பகுதியிலேயே மனம் வேறு பக்கம் போய்விட்டது. கால்வாயிலிருந்து ஒரு காரைத் தூக்குகிறார்கள். மகளைத் தேடி அலையும் தைஸ், மனைவியோடு கைப்பேசியில் பேசிக்கொண்டே அங்கே வந்துவிடுகிறார். போலீஸார் மறிக்கிறார்கள். மறுமுனையில் பெர்னில்லே. கணவன் கதறுவது மட்டும் அவள் காதில் விழுகிறது. அவளிடம் யாரும் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

மற்ற தொடர்களில் பெற்றோருக்கு இரண்டு நிமிட அழுகை கிடைக்கும், பிறகு கதை அவர்களை மறந்துவிடும். இங்கே 20 நாள்களும் அந்தக் குடும்பத்தோடு இருக்கிறோம். சவ அடக்கம், நன்னாவின் இரண்டு தம்பிகள், தைஸ் நடத்தும் வீட்டுச் சாமான் ஏற்றும் தொழில் என்று எல்லாமே கதைக்குள் வருகின்றன. துப்பறியும் அதிகாரி சாரா லுண்ட் அணியும் ஃபாரோ தீவுக் கம்பளிச் சட்டையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு லுண்டாக நடித்த சோஃபி க்ரோபோலின் பார்வைதான் பெரிது. கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்த பிறகும் அவர் கிளம்ப மாட்டார். அந்த அறையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று தேடியபோது ஸ்வீடனின் மை ஷோவால், பெர் வாலோ இணையரின் நாவல்களுக்குப் போய்ச் சேர்ந்தேன். 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள், அத்தியாயம் மாற்றி அத்தியாயம் இருவரும் எழுதியவை. முதல் நாவலான ‘ரோசன்னா’வில், மோத்தாலாவுக்கு அருகே யோத்தா கால்வாயைத் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. அவள் யார் என்று கண்டுபிடிக்கவே மாதக்கணக்காகிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவைச் சேர்ந்தவள் என்று தெரிந்த பிறகு, அவளோடு படகில் பயணம் செய்தவர்கள் எடுத்த புகைப்படங்களையும் சினிமாச் சுருள்களையும் பல நாடுகளிலிருந்து வரவழைத்துப் பார்க்கிறார்கள். யாரோ ஒருவர் தன் ஊரில் காட்டுவதற்காக எடுத்த படத்தின் ஓரத்தில் அவள் உயிரோடு நிற்கிறாள். அந்தப் பக்கங்களை நான் இன்னும் எடுத்து எடுத்துப் படிக்கிறேன். வயிற்று வலியோடு அலையும் துப்பறியும் அதிகாரி மார்ட்டின் பெக் ஒரு தடவைகூடச் சாகசம் செய்வதில்லை.

2011இல் வந்த ‘தி பிரிட்ஜ்’ பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. டென்மார்க்கின் கோபன்ஹேகனையும் ஸ்வீடனின் மால்மோவையும் இணைக்கும் ஓரெசுண்ட் பாலத்தின் நடுவில், சரியாக எல்லைக் கோட்டின் மேல் ஒரு உடல். தொடக்கம் அபாரம். ஸ்வீடிஷ் துப்பறியும் அதிகாரி சாகா நோரேனாக சோஃபியா ஹெலின் நடித்திருப்பதை எத்தனை முறையும் பார்க்கலாம். ஆனால் கொலையாளியின் திட்டம் மிகவும் ஜோடிக்கப்பட்டது. கொலை ஒரு வித்தையாகிவிட்டால் செத்தவர் பின்னுக்குப் போய்விடுகிறார்.

மறுமொழி 1

நான் ஒஸ்லோவில் வசிக்கிறேன். நோர்வேயில் ஈஸ்டர் வந்தால் குற்றக்கதையும் வந்துவிடும். கடைகள் பூட்டியிருக்கும், சனம் மலை வீடுகளுக்குப் போய்விடும், பையில் தோடம்பழமும் ஒரு கொலை நாவலும் கட்டாயம் இருக்கும். இது 1923இல் தொடங்கியது. நூர்டால் கிரீக், நில்ஸ் லீ என்ற இரு இளைஞர்கள் எழுதிய நாவலுக்கான விளம்பரம், ‘பெர்கன் ரயிலில் இரவில் கொள்ளை’ என்று பத்திரிகை முன்பக்கத்தில் செய்தித் தலைப்புப் போலவே வந்தது. பலர் உண்மை என்றே நம்பிவிட்டார்கள்.

ஈஸ்டர் காலத்தில் பால் பெட்டிகளிலும் சித்திரக் குற்றக்கதை அச்சிடுவார்கள். இந்நாட்டு மொழியில் அகராதி இல்லாமல் நான் முதலில் வாசித்து முடித்தது அதைத்தான். காலைச் சாப்பாட்டு மேசையில் பெட்டியைத் திருப்பித் திருப்பி வாசிப்பேன்.

இருட்டும் பனியும்தான் இந்தக் கதைகள் என்று நினைப்பவர்கள் 1997இல் வந்த ‘இன்சோம்னியா’ படத்தைப் பாருங்கள். சூரியன் மறையாத வடக்கில், துப்பறிய வந்த அதிகாரிக்கே நித்திரை இல்லை. அறைக்குள் வரும் வெளிச்சத்தை அடைக்கப் போராடுவார். வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்த என் மாமா கோடையில் ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டுத்தான் படுப்பார். அதனால் அந்தக் காட்சி எனக்கு நடிப்பாகவே தெரியவில்லை.

மறுமொழி 2

முதலில் எழுதியவர் சொன்ன பொறுமைக்கு ஐஸ்லாந்தின் ஆர்னால்டுர் இந்த்ரிதாசனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘சைலன்ஸ் ஆஃப் தி கிரேவ்’ நாவலில், பிறந்தநாள் விழா நடக்கும் வீட்டில் ஒரு குழந்தை எதையோ கடித்துக்கொண்டிருக்கிறது. தம்பியை அழைத்துப் போக வந்த மருத்துவ மாணவன் உற்றுப் பார்க்கிறான். மனித விலா எலும்பு. ரெய்க்யாவிக் நகரம் விரிந்துகொண்டே போகும் ஓரத்தில், புதிதாகத் தோண்டிய அஸ்திவாரத்திலிருந்து வந்தது.

எலும்புக்கூட்டைத் தொல்லியல் ஆட்களிடம் ஒப்படைக்கிறார்கள். அவர்கள் அடுக்கடுக்காக, நாள்கணக்கில் மண்ணை நீக்குகிறார்கள். மண்ணுக்குள் கிடப்பவர் யார் என்று தெரியாமலே நாம் பழைய கதையைப் படிக்கிறோம்: போர்க்கால ஆண்டுகளில், கணவனின் அடியைத் தாங்கிக்கொண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய். இறந்தது யாராக இருக்க வேண்டும், யாராக இருக்கக் கூடாது என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. நான் வாசித்த எந்தக் குற்றக்கதையும் என்னை இப்படிப் பதற வைத்ததில்லை.

துப்பறியும் எர்லெண்டுர் சிறுவயதில் பனிப்புயலில் தம்பியைப் பறிகொடுத்தவர். தம்பியின் உடல் கிடைக்கவேயில்லை. காணாமல் போனவர்களின் கதைகளை அவர் இரவெல்லாம் படிப்பதற்குக் காரணம் அதுதான். தொடரை வரிசையாகப் படித்தால் அவருக்கும் மகள் ஏவாவுக்கும் இடையிலான வேதனை முழுதாகப் பிடிபடும்.

ஃபின்லாந்துப் பக்கம் நான் இன்னும் போகவில்லை. ரஷ்ய எல்லைக்கு அருகே லப்பேன்ரந்தாவில் நடக்கும் ‘பார்டர்டவுன்’ தொடரைப் பார்த்தவர்கள் இருந்தால், எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.