டெஸ்பாட்டிசம்: 'கொடுங்கோன்மை' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க விடுதலைத் தலைவர்களுள் ஒருவரான தாமஸ் ஜெஃபர்சன் வினா விடையாக எழுதிய 'வர்ஜீனியா மாநிலம் பற்றிய குறிப்புகள்' நூலில் 13ஆம் வினாவுக்குரிய விடையைத் தமிழாக்கும்போது 'டெஸ்பாட்டிசம்' (despotism) என்ற ஆங்கிலச் சொல்லைக் 'கொடுங்கோன்மை' என்றே எழுதிவிடலாம் என்று இங்கு சொல்லப்பட்டது. அந்தச் சொல் அவருடைய வாதத்தையே மறைத்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

திருக்குறளில் செங்கோன்மையை அடுத்து வரும் கொடுங்கோன்மை, கோல் வளைந்த ஒரு மன்னனின் செயலைப் பழிப்பது. ஜெஃபர்சன் குறை கண்டது எந்த மன்னனிடமும் அன்று. மன்னராட்சியை உதறிய வர்ஜீனியா 1776இல் தானே வகுத்துக்கொண்ட அரசமைப்பில். நிர்வாகத் துறையினரும் நீதித் துறையினரும் தம் பிழைப்புக்கோ பதவி நீடிப்புக்கோ சட்டமன்றத்தையே நம்பியிருந்ததால், சட்டமியற்றல், நிர்வாகம், நீதி ஆகிய மூன்று அதிகாரங்களும் முடிவில் அதனிடமே போய்ச் சேர்ந்தன. அவை ஒரே கையில் குவிவதுதான் டெஸ்பாட்டிசம் என்று அவர் வரையறுக்கிறார். அந்தக் கை ஒருவருடையதா பலருடையதா என்பதால் வேறுபாடில்லை என்றும், அந்தச் சட்டமன்றத்தின் 173 பேர் ஒருவரைப் போலவே ஒடுக்கக்கூடும் என்றும், ஐயப்படுவோர் வெனிஸ் குடியரசைப் பார்க்கட்டும் என்றும் எழுதுகிறார். மக்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் அவருக்குப் போதவில்லை. ஆட்சி நல்லதாக நடந்தாலும் குவிவு குவிவுதான். அந்த நிலையைக் 'கொடு' என்னும் அடை தொடவே இல்லை.

'சர்வாதிகாரம்' என்ற சொல்லையும் இங்கே செலவிட முடியாது, ஏனெனில் 1776இலும் 1781இலும் ஒரு 'டிக்டேட்டரை' (சர்வாதிகாரியை) அமர்த்த நடந்த முயற்சிகளை அதே பகுதியில் அவர் தனியே கண்டிக்கிறார். 'எதேச்சாதிகாரம்' ஆள்பவரின் இச்சையைச் சுட்டுகிறது, அமைப்பைச் சுட்டவில்லை.

ஆகவே 'குவியாட்சி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். குவி என்னும் வினையடி ஆட்சியோடு சேர்ந்த வினைத்தொகை இது. 'குவியாத ஆட்சி' என்று யாரும் மயங்குவாரோ என்று எண்ணிப் பார்த்தேன், ஆனால் அந்தப் பொருளில் 'குவியா ஆட்சி' என்று பிரித்தே எழுதுவோம். குடியாட்சியோடு ஓரெழுத்தே வேறுபடுவது அச்சுப்பிழைக்கு இடம் தரும் என்றாலும், ஒன்று மற்றொன்றாக எவ்வளவு எளிதில் மாறிவிடும் என்ற அவருடைய அச்சத்துக்கு அந்த நெருக்கம் மிகவும் பொருந்துகிறது. அமெரிக்க விடுதலைப் போர் 'தேர்தல்வழிக் குவியாட்சி'க்காக நடந்ததன்று என்று அவருடைய வாக்கியத்தை அமைக்கலாம்.

ஜேம்ஸ் மேடிசன் 1788இல், புதிய அமெரிக்க அரசமைப்பை ஆதரித்து வந்த 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைத் தொடரின் 48ஆம் கட்டுரையில் இந்தப் பத்தியை எடுத்துக்காட்டுகிறார். அதற்கு முந்தைய கட்டுரையில் அவர் ஆள்வது 'டிரனி' (tyranny) என்ற சொல். கொடுங்கோன்மையை அதற்கென ஒதுக்கிவைத்தால்தான் அடுத்தடுத்த அந்த இரு கட்டுரைகளையும் சொற்குழப்பமின்றித் தமிழில் தர இயலும்.