ஆச்சி மனோரமா: உங்கள் மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

நோர்வூட் பேரன்

இதை எங்காவது எழுதி வைக்காவிட்டால் எனக்கு ஆறாது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2015 ஒக்டோபர் 10, சனிக்கிழமை இரவு ஆச்சி போய்ச் சேர்ந்தார். இலங்கை நோர்வூட்டில் எங்கள் லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மறுநாள் காலையில்தான் தெரியும். என் பாட்டி, அம்மாயி, அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நான் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நின்றபடியே சொன்னேன். கையில் இருந்த மாவு உருண்டையைத் தட்டில் வைத்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள்.

எனக்கு அதிர்ச்சி. ஏனென்றால் மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னார் வழியாக இந்தியாவுக்குப் போன அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் இறந்த கடிதம் வந்தபோது அவள் அழவில்லை. மடித்து ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அடுத்த நாள் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனவள். "ஏன் அம்மாயி, ஒரு நடிகைக்கா இப்படி?" என்று கேட்டேன். அவள் சொன்னது இதுதான்: "சிரிக்கையில அவ கழுத்தப் பாத்திருக்கியாடா? நரம்பு ரெண்டும் கயிறு மாதிரி நிக்கும். சொமந்த கழுத்துடா அது."

நாற்பது வருஷம் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி மலை ஏறியவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆச்சி மன்னார்குடியில் பிறந்தது, அப்பா கைவிட்டது, பள்ளத்தூருக்கு வந்து அம்மா வீட்டு வேலை செய்து வளர்த்தது, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பன்னிரண்டு வயதில் நாடக மேடை ஏறியது, எதுவும் அவளுக்குத் தெரியாது. நானே பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1958இல் 'மாலையிட்ட மங்கை'யில் தொடங்கி ஆயிரம் படங்களுக்கு மேல் சிரிக்க வைத்த ஒருத்தரின் கழுத்தை வைத்தே எப்படிக் கண்டுபிடித்தாள்? இன்றைக்கும் யோசிக்கிறேன்.

தலவாக்கலை டெக் பையன்

தம்பி, உங்கள் அம்மாயி சொன்னது உண்மை. இனி என் கதை. அந்தக் காலத்தில் திருவிழாவுக்கு டெக்கும் (வீடியோ கசட் போடும் பெட்டி) டிவியும் வாடகைக்கு எடுத்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் விடிய விடியப் படம் போடுவோமே, எல்லோருக்கும் தெரியும். எங்கள் தோட்டத்தில் டெக்குக்குப் பொறுப்பு நான்தான். ஜெனரேட்டர் டீசலும் என் தலையில். மூன்றாவது படம் 'தில்லானா மோகனாம்பாள்', நேரம் இரவு இரண்டு மணி இருக்கும். பாதிச் சனம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டது. திருவிழாவுக்கு வாசிக்க வந்த நாயனக்காரரும் சுவரோரமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், அன்றைக்கு முழுக்கத் தேரோடு நடந்து ஊதிய மனுஷன்.

ஜில் ஜில் ரமாமணி வந்தது. சிவாஜியின் நாயனத்தில் மட்டும்தான் இந்தச் சத்தம் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று கேட்பாரே, அந்த இடம். அந்த வெகுளித்தனத்தைப் பொய்யாகச் செய்யவே முடியாது. மனுஷன் எப்படி விழித்தார் என்று தெரியவில்லை, எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறார், சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் ஓடுகிறது. "தம்பி, என்னையும் இப்படித்தான் கேக்குறாங்க ஊருக்கு ஊர். திருப்பிப் போடுங்க தம்பி, ஒரு தடவை" என்றார்.

நான் போடவில்லை. டீசல் காணாது, படம் முடியாமல் நின்றால் ஆட்கள் என்னைத்தான் ஏசுவார்கள் என்று பயம். "பிறகு பார்ப்போம் ஐயா" என்றேன். விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய்விட்டார். டீசல் கடைசியில் மிஞ்சியது. ஒரு போத்தல் அளவு மிஞ்சியது.

பண்டாரவளை வாசகன்

நோர்வூட் தம்பி ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். 'மாலையிட்ட மங்கை' அவருக்கு முதல் தமிழ்ப் படம், கண்ணதாசன் கொடுத்த நகைச்சுவை வேஷம். அதற்கு முன்பே ஒரு சிங்களப் படத்தில் கதாநாயகிக்குத் தோழியாக நடித்திருக்கிறார். ஆக, ஆச்சி முதன்முதலில் கமராவுக்கு முன் நின்றது நம்ம நாட்டுப் படத்துக்காக! இதை நம்ம ஆட்களே பேசுவதில்லை, எனக்கு அது பெரிய குறை. எங்கள் லைனுக்குக் கீழே சில்லறைக்கடை வைத்திருந்த சிங்கள முதலாளியிடம் நான் இதைச் சொன்ன அன்று அவர் தராசில் சீனியை வைத்தபடியே நின்றுவிட்டார். "அபே பில்ம் எகக்த?" (நம்ம படமா?) என்று இரண்டு முறை கேட்டார். பிறகு சீனி கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது. அந்தப் படம் எனக்கு இன்னும் பார்க்கக் கிடைக்கவில்லை, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

டெக் பையன் அண்ணே, நகைச்சுவையை மட்டும் பேசாதீர்கள். 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவே நடித்தவர் அவர். தேசிய விருது கிடைத்தது 1989இல் வந்த 'புதிய பாதை'க்கு.

கொட்டகலை டீச்சர்

என் கதை சின்னது. பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிக்கு நாடகம் பழக்கினேன். பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்திக்குக் கிழவி வேஷம். 'சின்னக் கவுண்டர்' ஆச்சி மாதிரியே பல்லை நீட்டிக்கொண்டு கொங்குத் தமிழில் பேசிக் காட்டினாள், எல்லோரும் கைதட்டினோம், நானும் அப்படியே செய் என்று விட்டுவிட்டேன். மேடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. இறங்கி வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "நான் என்ன பிழை விட்டேன் டீச்சர்?" என்று கேட்டாள். பிழை அவளுடையது இல்லை.

அதனால் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆச்சியின் குரலைப் பழக்காதீர்கள், ஆச்சி வேலை செய்த விதத்தைப் பழக்குங்கள். அவர் சென்னைத் தமிழ் பேசினால் ரிக்‌ஷாக்காரர் வீட்டுப் பெண், கொங்குத் தமிழ் பேசினால் பண்ணையார் வீட்டுத் தாய், செட்டிநாட்டுத் தமிழ் அவர் வளர்ந்த மண். அந்தந்த ஊர்ப் பெண்களைக் காது கொடுத்துக் கேட்காமல் அது வராது. நம்ம பிள்ளைகளுக்கு அந்த ஊர்கள் தெரியாது, ஆனால் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் சண்டை பிடிக்கிற பெரியம்மாவைத் தெரியும், கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளையிடம் கிலோ குறைத்ததுக்கு வாதாடுகிற அத்தையைத் தெரியும். ஒரு வாரம் அவர்களைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். நடையை முதலில் பழக்குங்கள், வசனம் பிறகு. கொழுந்து பறிக்கப் போகும்போது கட்டுகிற றப்புச் சீலையை இடுப்பில் கட்டிய ஒருத்தி உட்காருகிற விதமே வேறு, அது வந்துவிட்டால் குரல் தானாக வரும். சிரிப்பு வருகிற இடத்தில் பிள்ளை சிரிக்கக் கூடாது. பெண் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வேஷம் கொடுத்தால் கல்யாணத்துக்குக் கெட்ட பேர் என்று தாய்மார் வந்து நிற்பார்கள், அவர்களிடம் பொறுமையாகப் பேசுங்கள், 2002இல் பத்மஸ்ரீ வாங்கியவர் செய்த வேலை இது என்று சொல்லுங்கள். சரி, நீளமாகிவிட்டது.

மஸ்கெலியா ரதி மகன்

டீச்சர், நீங்கள் சொல்வது முழுக்கச் சரி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பார்த்துப் பழகுவதும் ஒரு படிப்புத்தான். எங்கள் அப்பா மாசி மாதம், சிவன் மன்மதனை எரிக்கிற காமன் கூத்தில், மன்மதன் மனைவி ரதி வேஷம் கட்டுவார். நம்ம கூத்தில் ரதியும் ஆம்பிளைதானே, பொம்பிளைக்கு ஏது மேடை. காமன் எரிந்த பிறகு ரதி ஒப்பாரி வைக்கும் இடத்தில் அப்பா மண்ணில் புரண்டு கத்துவார், ஊரே நடுங்கும்.

ஹட்டனில் 'சின்னத்தம்பி' பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். விதவைத் தாயாக வரும் ஆச்சியைக் கட்டிவைத்து அவமானப்படுத்துகிற கட்டம். அப்பா எனக்கு முன் இருந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார், பிடித்த கை விடவே இல்லை. எனக்கு அவருடைய விரல்தான் ஞாபகம், படம் அவ்வளவாக ஞாபகமில்லை. பஸ்ஸில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாசியில் அதே ரதி, ஆனால் புரளவில்லை. குந்தி உட்கார்ந்து, தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, வெளியே வராத குரலில் பாடினார். சில பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை, ரதி கெட்டுப்போச்சு என்றார்கள். ஆனால் எங்கள் அம்மா, ஒரு கூத்துக்கும் வாய் திறந்து ஒன்றும் சொல்லாதவள், அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இப்பதான் பொம்பள அழுதா" என்றாள்.

எங்கிருந்து பழகினார் என்று அப்பா யாரிடமும் சொன்னதில்லை. நானும் கேட்காமல் விட்டுவிட்டேன், இப்போது கேட்க அவர் இல்லை.

நோர்வூட் பேரன்

பண்டாரவளை அண்ணே, சிங்களப் பட விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி.

டெக் அண்ணே, உங்கள் கதையைப் படித்த அன்றைக்கே அந்த நாயனக் கட்டத்தைக் கைபேசியில் தேடி அம்மாயியிடம் கொடுத்தேன். அவளுக்கு இப்போது கண்ணும் சரியில்லை, காதும் சரியில்லை. படத்தைப் பார்க்காமல் கைபேசியைக் காதில் ஒட்ட வைத்துக்கொண்டாள், முன்பு திருச்சி வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்ட மாதிரி. ஆச்சி அந்தக் கேள்வியைக் கேட்டதும் அம்மாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பல்லில்லாத வாயைத் திறந்து சத்தமாகச் சிரித்தாள். நான் அவள் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு திருப்பிப் போடச் சொன்னாள். போட்டேன் அண்ணே.