சார்ன்லியின் டெஃப்லான் மூட்டு: முந்நூறு பேருக்குப் பொருத்தியது சரியா?

கவிதா_எஸ்

இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையைப் பற்றிப் பேசினால் பிரிட்டிஷ் எலும்பு அறுவை மருத்துவர் சர் ஜான் சார்ன்லியின் பெயரைத் தாண்டிப் போக முடியாது. சிறிய உலோகப் பந்து, பாலிஎத்திலீன் கிண்ணம், இரண்டையும் எலும்பில் நிறுத்தி வைக்கும் சிமெண்ட். இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1962 நவம்பரில் அவர் பொருத்தத் தொடங்கிய இந்த அமைப்புதான் பின்னால் வந்த பெரும்பாலான மூட்டுகளுக்கு அடிப்படை. 1974இல் லாஸ்கர் விருது, 1975இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1977இல் சர் பட்டம். இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

நான் கேட்பது 1962க்கு முந்தைய நான்கு வருடங்களைப் பற்றி. அப்போது அவர் கிண்ணத்தை டெஃப்லான் என்ற வழுக்கும் பிளாஸ்டிக்கில் செய்து, ஏறக்குறைய 300 பேருக்குப் பொருத்தினார். முதலில் எல்லோருக்கும் வலி போனது, நடந்தார்கள். இரண்டு மூன்று வருடங்களில் கிண்ணம் தேய்ந்து பந்து உள்ளே இறங்கியது. உதிர்ந்த துகள்களைச் சுற்றிலும் திசுக்கட்டி வளர்ந்து எலும்பை அரித்தது. ஏறக்குறைய அத்தனையையும் திரும்பத் திறந்து எடுக்க வேண்டியதாயிற்று.

எடை தாங்கிக்கொண்டே உராய்ந்தால் டெஃப்லான் எவ்வளவு தேயும் என்று ஒரு எந்திரத்தில் முதலில் ஓட்டிப் பார்த்திருக்கலாம். அவர் பார்க்கவில்லை. சாதனைக் கதைகளில் இந்த 300 பேருக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் கிடைக்கிறது. இது நியாயமா?

ஆர்த்தோ_குமரன்

மேடம், 1950களில் இடுப்பு மூட்டு கெட்டுப்போன ஒருவருக்கு மருத்துவரிடம் என்ன இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மூட்டை அசையவே அசையாதபடி எலும்போடு எலும்பாக இணைத்துவிடலாம். பந்தை வெட்டி எடுத்துவிட்டு, குட்டைக் காலோடு ஊன்றுகோலில் நடக்கச் சொல்லலாம். இல்லையென்றால் பாரிஸின் ஜூடே சகோதரர்கள் 1946இல் கொண்டுவந்த அக்ரிலிக் பந்து. அது சில வருடங்களில் தேய்ந்தது, கழன்றது, சிலருக்கு நடக்கும்போது கீச்சென்று சத்தமும் போட்டது.

அந்தச் சத்தம்தான் சார்ன்லியை யோசிக்க வைத்தது. உராய்வு அதிகம், அதனால்தான் சத்தம், அதனால்தான் கழல்கிறது என்ற முடிவுக்கு வந்தார். மூட்டுக் குருத்தெலும்பின் வழுக்கும் தன்மையை அளந்தார். அன்றைக்குக் கிடைத்த திடப்பொருள்களில் மிகக் குறைந்த உராய்வு டெஃப்லானுக்குத்தான். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவில்லை.

அடுத்தது, அவருடைய சிந்தனையில் டெஃப்லான் ஒரு பகுதி மட்டுமே. பந்து பெரிதாக இருந்தால் அதே உராய்வு கிண்ணத்தை அதிக விசையோடு திருகும், அதுவே கிண்ணத்தைக் கழற்றிவிடும். அதனால் 41 மில்லிமீட்டருக்கு மேல் இருந்த பந்தைப் படிப்படியாக 22.225 மில்லிமீட்டருக்குக் குறைத்தார். அங்குலக் கணக்கில் எட்டில் ஏழு பங்கு. இங்கிலாந்தின் நார்விச்சில் கென் மெக்கீ என்ற மருத்துவர் உலோகத்தோடு உலோகம் உராயும் மூட்டைச் செய்துகொண்டிருந்தபோது இவர் இந்தக் கணக்கைப் போட்டார். மான்செஸ்டர் பல் மருத்துவப் பள்ளி வேதியியலாளர் டென்னிஸ் ஸ்மித் சொன்ன அக்ரிலிக்கை எலும்பு சிமெண்டாக எடுத்துக்கொண்டார். அது பசை போல ஒட்டுவதில்லை. பந்தைத் தாங்கித் தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டுக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பி, எடையைப் பரவலாக இறக்குகிறது. டெஃப்லான் கிண்ணம் தேய்ந்த நோயாளிகளிடமும் சிமெண்ட் வைத்த தண்டு அசையாமல் நின்றது. அந்த நான்கு வருடங்களை வெறும் தோல்வி என்று எழுத முடியாததற்கு இதுதான் காரணம்.

தோல்வி தெரிந்ததும் அவர் மறைக்கவில்லை. டெஃப்லானைத் தன் தொடையிலேயே வைத்துப் பார்த்து, அங்கே கட்டி வளர்ந்ததை 1963இல் லான்செட் இதழில் எழுதினார்.

கவிதா_எஸ்

டாக்டர், அந்தத் தேதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள். 1963. தன் தொடையில் வைத்துப் பார்த்தது பெரிய துணிச்சல், சந்தேகமில்லை. அதே துணிச்சல் 1958இல் வந்திருந்தால் முதல் ஆளாக அவருக்கே கட்டி வந்திருக்கும், மீதிப் பேர் தப்பியிருப்பார்கள். இவ்வளவுக்கும் தன் உடம்பில் சோதிப்பது அவருக்குப் புதிதில்லை. 1940களில் எலும்பு ஒட்டு எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க, ஒரு இளநிலை மருத்துவரை விட்டுத் தன் கீழ்க்கால் எலும்பைத் திறக்கச் சொன்னவர் அவர். அதில் சீழ் பிடித்து அவதிப்பட்டார்.

மில்_நடராஜன்

கவிதா அம்மா சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. நான் மில் மெஷினரி பக்கம் வேலை பார்த்தவன். உராய்வு வேறு, தேய்மானம் வேறு. கைக்கு வழவழப்பாக இருப்பது நீண்ட நாள் உழைக்கும் என்று எந்த ஃபிட்டரும் சொல்லமாட்டார். சார்ன்லி அளந்தது உராய்வை. தேய்மானத்தை அளக்கவில்லை. தவறு அங்கேதான் நடந்தது.

டாக்டர் சார் ஒரு பெயரை விட்டுவிட்டார். ஹாரி கிரேவன். ரைட்டிங்டன் பட்டறையில் சார்ன்லியோடு வேலை செய்த டெக்னீஷியன், டெஃப்லானுக்கு மாற்று தேடுவதற்காகத் தேய்மானச் சோதனை எந்திரத்தை உருவாக்கியவர். 1962இல் ஒரு விற்பனையாளர் ஒரு புதிய பிளாஸ்டிக் துண்டைக் கொண்டுவந்தார். மிக அதிக மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீன். லங்காஷயர் தறிகளில் பல்சக்கரம் செய்ய ஜெர்மனியிலிருந்து வந்த சரக்கு. சார்ன்லி அதில் நகத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, நேரம்தான் வீண் என்று சொல்லிப் போய்விட்டார். கிரேவன் கேட்கவில்லை. எந்திரத்தில் மாட்டி இரவும் பகலும் ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை. வெளியூர் போயிருந்த சார்ன்லி திரும்பி வந்து பார்த்தார், மனதை மாற்றிக்கொண்டார். நவம்பரில் முதல் கிண்ணம் தயார்.

தறியில் நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கர் இன்றைக்கும் இதே பிளாஸ்டிக்கில் வருகிறது. அடியும் உராய்வும் ஓயாமல் வாங்கும் பாகம் அது. மருத்துவமனைக்கு இந்தப் பொருள் ஆலை வழியாக வந்தது. கண்டுபிடித்தவர் சார்ன்லி என்று எழுதுகிற இடத்தில் கிரேவன் பெயரும் அதே அளவு எழுத்தில் வர வேண்டும்.

பரணி_பயோமெட்

நடராஜன் ஐயா, கிரேவன் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் "எந்திரத்தில் ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும்" என்ற வாதம் முழுசாக நிற்காது. டெஃப்லான் தேய்கிறது என்று தெரிந்ததும் சார்ன்லி நிரப்புப்பொருள் கலந்து உறுதியாக்கிய டெஃப்லான் ஒன்றைச் சோதித்தார். ஃப்ளோரோசிண்ட் என்று பெயர். எந்திரத்தில் அது சாதாரண டெஃப்லானைவிடப் பல மடங்கு உழைத்தது. நோயாளிகளுக்குப் பொருத்தினார். உடம்புக்குள் பழைய டெஃப்லான் மாதிரியே தேய்ந்தது. அது போதாதென்று, அதில் கலந்திருந்த நிரப்புப்பொருள் பந்தின் உலோகத்தையே அரைத்துவிட்டது.

சோதனைக்கூடம் "சரி" என்று சொன்ன பொருளை உடம்பு மறுத்துவிட்டது. கவிதா மேடம் கேட்கிற எந்திரம் 1958இல் இருந்திருந்தால் டெஃப்லானைத் தடுத்திருக்கும். ஃப்ளோரோசிண்டைத் தடுத்திருக்காது.

கவிதா_எஸ்

பரணி, நீங்கள் சொன்னது எனக்கு எதிராகப் போகவில்லை, என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. எந்திரத்தை நம்ப முடியாது என்றால் மனிதர்களிடம் இன்னும் மெதுவாகப் போக வேண்டும். பத்துப் பேருக்கோ இருபது பேருக்கோ பொருத்திவிட்டு, மூன்று வருடம் எக்ஸ்ரே எடுத்துக் காத்திருக்கலாம். 300 வரை போக வேண்டிய அவசியம் என்ன?

அப்புறம் ஒப்புதல். அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று யாரோ எழுதப் போகிறார்கள், அதற்கு முன்பே சொல்கிறேன். மருத்துவ ஆராய்ச்சிக்கான நெறிகளைச் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனம் 1964இல் வந்தது, உண்மைதான். மனிதர்கள் மேல் செய்யும் சோதனைகளுக்கான நூரம்பர்க் நெறிமுறை 1947இலேயே வந்துவிட்டது. அதன் முதல் விதியே சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல்தான்.

ஆர்த்தோ_குமரன்

நூரம்பர்க் நெறிமுறையை இங்கே கொண்டுவருவதை நான் ஏற்கமாட்டேன், மேடம். அது நாஜி சிறைமுகாம்களில் கைதிகள் மேல் நடந்த குற்றங்களுக்கான தீர்ப்பிலிருந்து வந்தது. ரைட்டிங்டனுக்கு வந்தவர்கள் வலி தாங்காமல் உதவி கேட்டு வந்தவர்கள். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் அந்த நோயாளிகளுக்கும் நியாயம் செய்ததாகாது.

எண்ணிக்கையைப் பற்றி நீங்கள் சொல்வதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், அது வலுவான கேள்வி. முதல் வருடம் வலியில்லாமல் நடப்பவர்களைப் பார்த்துவிட்டு, அடுத்து வருகிறவரிடம் "மூன்று வருடம் படுக்கையில் இருங்கள், இவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று எந்த மருத்துவரால் சொல்ல முடியும்? நான் தினமும் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கிறேன். ராத்திரி புரண்டு படுக்க முடியாதவர்கள்.

1962க்குப் பிறகு சார்ன்லி நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். பாலிஎத்திலீன் கிண்ணம் முதல் வருடமே அருமையாக வேலை செய்தது. அவர் அதைப் பொதுவிற்பனைக்கு விடவில்லை. பல வருடங்கள் தன் நோயாளிகளை மட்டும் தொடர்ந்து பார்த்தார். அதன் பிறகும் லீட்ஸின் தாக்ரே நிறுவனம், ரைட்டிங்டனில் வந்து கற்றுக்கொண்ட மருத்துவர்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தார். இறந்த பிறகு மூட்டை எடுத்து ஆராய நோயாளிகளிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கினார். நீண்ட கால முடிவுகளை 1972இல் வெளியிட்டார். என்னைக் கேட்டால் பந்தையும் சிமெண்டையும்விடப் பெரிய கண்டுபிடிப்பு இதுதான்.

பலன் என்னவென்றால், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1969 முதல் சார்ன்லி மூட்டு பொருத்தப்பட்ட 2,000 இடுப்புகளை 25 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஐந்தில் நான்கு பங்கு மூட்டுகளை மாற்ற வேண்டிய தேவை வரவில்லை.

தியேட்டர்_சிஸ்டர்

டெஃப்லானோடு பேச்சு நின்றுவிட்டதே என்று எழுதுகிறேன். நான் ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்கிறவள். என் கண்ணுக்குச் சார்ன்லியின் பெரிய வேலை காற்று. தொடக்கத்தில் அவருடைய நோயாளிகளில் 7 சதவீதத்துக்கு மேல் சீழ் பிடித்தது. மூட்டுக்குள் சீழ் பிடித்தால் எவ்வளவு கொடுமை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆலைகளுக்குத் தூசி வடிகட்டும் கருவி செய்த ஹோவொர்த் நிறுவனத்தோடு சேர்ந்து, மேசையைச் சுற்றி ஒரு கூடாரம் அமைத்து, வடிகட்டிய காற்றை மேலிருந்து இறக்கினார். மருத்துவர்கள் வெளிவிடும் மூச்சையும் உறிஞ்சி வெளியேற்றும் உடையைச் செய்தார். பத்து வருடத்துக்குள் சீழ் பிடிப்பது 1 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

பரணி_பயோமெட்

சிஸ்டர், அந்தக் குறைவு முழுவதையும் காற்றின் கணக்கில் எழுத முடியாது. அதே காலத்தில் தையல் முறை, கையுறை, உடை எல்லாமே மாறின. 1982இல் வந்த பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு சுத்தமான காற்றால் சீழ் பாதியாகக் குறைந்தது என்றது, உண்மை. ஆனால் நியூசிலாந்து மூட்டுப் பதிவேட்டுத் தரவுகளில் அந்த நன்மை தெரியவில்லை. 2016இல் உலகச் சுகாதார நிறுவனமும், மூட்டு மாற்று சிகிச்சைக்காக அந்தக் காற்றமைப்பை நிறுவத் தேவையில்லை என்றுதான் பரிந்துரைத்தது.

தியேட்டர்_சிஸ்டர்

தம்பி, இன்றைக்கு ஒவ்வொரு நோயாளிக்கும் கத்தி வைப்பதற்கு முன்பே ஆன்டிபயாடிக் போடுகிறோம். அந்த ஊசி வழக்கமாகாத காலத்தில் அவர் காற்றைச் சுத்தம் செய்தார். இரண்டு காலத்தையும் ஒன்றாக வைத்து அளக்காதீர்கள். தியேட்டரில் ஆட்கள் உள்ளே வெளியே போய்வந்தால் கதவைச் சாத்தச் சொல்லி இன்றும் கத்துகிறேன். காற்றைப் பற்றிய அந்தக் கவலையை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

கவிதா_எஸ்

குமரன் டாக்டரின் பதிலுக்கு வருகிறேன். "மூன்று வருடம் படுக்கையில் இருங்கள் என்று எந்த மருத்துவரால் சொல்ல முடியும்" என்று கேட்டீர்கள். 1962க்குப் பிறகு உலகத்தில் உள்ள மற்ற எல்லா நோயாளிகளிடமும் சார்ன்லி அதைத்தானே சொன்னார்? பொதுவிற்பனைக்கு விடாமல் காத்திருந்தார் என்றால், வேறு ஊர்களில் வலியோடு இருந்தவர்கள் காத்திருந்தார்கள் என்றுதான் அர்த்தம். அவரால் முடிந்தது. அது சரி என்று நீங்களே பாராட்டுகிறீர்கள். அப்படியானால் 1958இலும் அதுதான் சரி.

நான் நுகர்வோர் வழக்குகளைப் பார்க்கிறவள், எனக்கு இது பழங்கதை இல்லை. டிபியூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். மூட்டு பெரிய பந்தும் உலோகத்தோடு உலோகமும் கொண்டது. உலகம் முழுக்க சுமார் 93,000 பேருக்குப் பொருத்திய பிறகு 2010இல் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 பேர். பெரும்பாலானவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. சார்ன்லிக்குத் தன் 300 பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியும், அந்த வித்தியாசத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த 300 பேர் பட்ட பாட்டைக் கதையின் ஓரத்தில் தள்ளியதால்தான், மெதுவாகப் போக வேண்டும் என்பதை அடுத்த தலைமுறை மறந்தது.

ஆர்த்தோ_குமரன்

ஏ.எஸ்.ஆர். எடுத்துக்காட்டு சரியானது, அதைப் பிடித்தது எது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1999இல் தொடங்கிய தேசிய மூட்டுப் பதிவேடு. எந்த மூட்டை யாருக்குப் பொருத்தினார்கள், எப்போது மாற்றினார்கள் என்று ஒவ்வொன்றையும் எழுதி வைக்கிற ஏற்பாடு. உலகளவில் திரும்பப் பெறுவதற்கு மாதங்கள் முன்பே, 2009 டிசம்பரில், அந்த நாட்டுச் சந்தையிலிருந்து அதை விலக்கினார்கள்.

1958ஐப் பற்றி நம் கருத்து வேறுபாடு அப்படியே இருக்கட்டும், மேடம். அன்று அந்த வார்டில் நின்றிருந்தால் நானும் பொருத்தியிருப்பேன். உங்கள் தொழிலில் நீங்கள் கேட்க வேண்டியது, நம் மருத்துவமனைகள் எல்லாம் ஒவ்வொரு மூட்டையும் கட்டாயமாகப் பதிவு செய்யும் சட்டம். கேளுங்கள், சாட்சி சொல்ல நான் வருகிறேன்.

மில்_நடராஜன்

டாக்டர் சார், அந்தப் பதிவேட்டில் மூட்டு எந்தப் பட்டறையில் எந்த வாரம் செய்தது என்ற எண்ணும் ஏற வேண்டும். ஒரு தொகுதி கெட்டால் அந்தத் தொகுதி முழுக்க யார் யாருக்குப் போனது என்று அப்போதுதான் தேட முடியும்.

கவிதா_எஸ்

மனு எழுதத் தொடங்குகிறேன். குமரன் டாக்டர், நடராஜன் ஐயா, இருவரும் உங்கள் பகுதியை எனக்கு எழுதி அனுப்புங்கள். முதல் பக்கத்தில் டெஃப்லான் நோயாளிகள் வருவார்கள், அதை மட்டும் மாற்றமாட்டேன்.