வால்வு மாற்றிய அம்மாவுக்குப் பல் எடுக்கணும், வடசென்னையில் எங்கே போகலாம்?

தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அம்மாவுக்கு இதயத்தில் உலோக வால்வு வைத்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரையும் உண்டு. இப்போது கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தை வேர்வரை போய்விட்டது. ரசம் சோற்றைக்கூட ஒரு பக்கமாக ஒதுக்கித்தான் மெல்கிறார்.

பக்கத்து கிளினிக்கில், "மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க, பிடுங்கிடலாம்" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டார்கள். இதய டாக்டரிடம் கேட்டால், நீங்களாக நிறுத்தவே கூடாது, வால்வில் ரத்தம் உறைந்தால் பக்கவாதம் வரை போகும் என்கிறார். ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) சரியான அளவில் இருந்தால் மாத்திரையோடேயே பல்லை எடுத்து, குழியில் ரத்தம் உறைய வைக்கும் பஞ்சு வைத்துத் தையல் போடலாமாம். வால்வில் கிருமி தொற்றாமலிருக்க, வழக்கமாக அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் அமாக்சிசிலின் 2 கிராம் தருவார்களாம். அதுவும் பென்சிலின் வகைதான், அம்மாவுக்கோ பென்சிலின் அலர்ஜி வேறு! மெட்ரோனிடசோல், புரூஃபென் மாதிரி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், ரத்தக்கசிவு கூடும் என்றும் எச்சரித்தார்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஸ்டான்லியிலோ, கோட்டை ஸ்டேஷன் எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ பல் எடுத்த அனுபவம் யாருக்காவது இருக்கிறதா? ஐஎன்ஆர் ரிப்போர்ட் எத்தனை மணி நேரத்துக்குள் எடுத்ததாகக் கேட்டார்கள்? அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்களா, இரவு தங்க வைத்தார்களா? ராயபுரம், பெரம்பூர் பக்கம் இதய டாக்டரிடம் பேசிவிட்டுச் செய்யும் முகத்தாடை அறுவை நிபுணர் இருந்தாலும் சொல்லுங்கள். கை வைத்தியம் வேண்டாம், கிராம்பு ஏற்கெனவே வைத்தாயிற்று.