தன்னார்வலர் எழுதிய செயலிக்கு அலுவலகச் சான்றிதழால் கையொப்பமிடலாமா?

கோப்பறை:
வணக்கம். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கடிதங்களை ஒருங்குறிக்கு மாற்றத் தன்னார்வலர்கள் எழுதிய சிறு விண்டோஸ் செயலியொன்றை எங்கள் அலுவலகத்தில் நிறுவ வேண்டியுள்ளது. மூலநிரல் வெளிப்படையாகக் கிடைக்கிறது. ஆனால் எக்ஸி கோப்பில் (இயங்கு கோப்பில்) மின்னணுக் கையொப்பம் இல்லாததால், எந்த நிரல் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் விண்டோஸ் வசதியான ஆப்லாக்கர் தடுக்கிறது. அலுவலகச் சான்றிதழால் கையொப்பமிட்டு 60 கணினிகளுக்கும் அனுப்பிவிடும்படி மேலாளர் சொல்கிறார். இது முறையா?

வலைக்காவல்:
இட்டவர் யார், இட்டபின் கோப்பு மாறியதா என்ற இரண்டை மட்டுமே கையொப்பம் சொல்லும். 2024இல் வெளியான, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் மென்பொருளின் 5.6.0, 5.6.1 தொகுப்புகளில் அதன் பராமரிப்பாளர் ஒருவரின் முறையான கையொப்பமே இருந்தது. ஆனால் கள்ளத்தனமாக நுழைய வைத்த பின்கதவை உயிர்ப்பிக்கும் வரிகள், எல்லாரும் பார்க்கும் மூலநிரல் இருந்த கிட் களஞ்சியத்தில் இல்லாமல் அந்தத் தொகுப்புகளில் மட்டும் ஒளிந்திருந்தன. எஸ்எஸ்எச் (தொலைக் கணினியில் நுழையும் முறை) உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் துருவிப் பார்த்ததால்தான் அது வெளிப்பட்டது. ஆகவே இறக்கிய எக்ஸியில் கையொப்பமிடாதீர்கள். மூலநிரலைப் படித்து, புதிய மெய்நிகர் கணினியில் நீங்களே உருவாக்கியதில் இடுங்கள். அதே தளத்திலுள்ள ஹாஷ் எண்ணோடு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒப்பிடுவதை நான் பெரிதாக மதிப்பதில்லை. எக்ஸியை மாற்ற முடிந்தவர் அந்த எண்ணை மட்டும் விட்டுவைப்பாரா?

நிரலாளி:
உருவாக்குவது சரி, ஆனால் கையொப்பம் எதற்கு? ஆப்லாக்கரில் அந்த ஒரு கோப்புக்கு ஹாஷ் விதி எழுதினால் போதும். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் விதியை மாற்ற வேண்டியிருப்பதைத் தொல்லை என்பார்கள். மறுபடி சோதிக்காமல் எதுவும் நுழையாது என்பதால் அதை நான் நன்மையாகவே கருதுகிறேன். கையொப்பமிட்டே ஆகவேண்டுமென்றால் அதற்கெனத் தனிச் சான்றிதழ் வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பாளர் விதியில் (கையொப்பமிட்டவரைப் பார்த்து அனுமதிக்கும் விதி) செயலியின் பெயரையும் பதிப்பையும் நட்சத்திரக் குறியாக, அதாவது எதுவானாலும் சரி என்று விட்டால், அச்சான்றிதழால் கையொப்பமிட்ட எல்லாமே ஓடும். கையொப்பமிட்ட நேரத்தை உறுதிசெய்யும் நேரமுத்திரையும் சேருங்கள், இல்லாவிட்டால் சான்றிதழ் காலாவதியாகும் நாளில் கையொப்பமும் செல்லாமல் போகும்.

கோப்பறை:
இருவருக்கும் நன்றி. உருவாக்கிப் பார்த்தபோதுதான் அது, பைத்தான் நிரலை எக்ஸியாக்கும் பைஇன்ஸ்டாலர் கருவி கொண்டு ஒரே கோப்பாகக் கட்டிய நிரல் என்று தெரிந்தது. ஓடும்போது டிஎல்எல் கோப்புகளை (நிரல் பயன்படுத்தும் துணைக் கோப்புகள்)த் தற்காலிகக் கோப்புறையில் விரிக்கிறது. எங்களிடம் டிஎல்எல் விதிகளும் இயங்குவதால், வெளி எக்ஸியை அனுமதித்தும் உள்ளே தடுக்கப்பட்டது.

நிரலாளி:
ஒரே கோப்பாகக் கட்டாமல் கோப்புறையாகக் கட்டி, சாதாரணப் பயனர் எழுத முடியாத இடத்தில் நிறுவி, உள்ளிருக்கும் டிஎல்எல்களுக்கும் ஹாஷ் விதி எழுதுங்கள். கட்டுவதற்கு முன் சார்புத் தொகுப்புகளின் (நிரல் பயன்படுத்தும் பிறர் எழுதிய தொகுப்புகள்) பதிப்புகள் நிலையாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்றும் பாருங்கள்.

கோப்பறை:
குறிக்கப்படவில்லை, வெறும் பெயர்கள்தான் உள்ளன. அதை முடிக்கும்வரை நிறுவல் இல்லை என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன்.