விழிப்புணர்வுக் கூட்டத்தில் யாரிடம் பேச வேண்டும்?

கேள்வி: ஆலமரத்தடி

வணக்கம். எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுக்கள் சேர்ந்து, பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளான நவம்பர் 25 அன்று பாலியல் வன்கொடுமை குறித்து ஒரு கூட்டம் நடத்த இருக்கின்றன. சென்ற ஆண்டும் நடத்தினோம். பேச வந்தவர், இருட்டிய பின் தனியே போகாதீர்கள், கைப்பேசியில் படம் போடாதீர்கள் என்பதையே முக்கால் மணி நேரம் சொன்னார். கூட்டம் முடிந்து ஜமக்காளத்தை மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் என்னிடம் வந்து, தனக்கு நடந்தது பகல் பதினொரு மணிக்கு, தன் வீட்டுக்குள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு உருப்படியாக எதையும் நான் சொல்லவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது. இந்த ஆண்டு எதைப் பேசலாம்? இப்படி ஒருவர் வந்து சொன்னால் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி: கீழமை நீதிமன்ற வழக்கறிஞர்

அந்தப் பெண் சொன்னதையே கூட்டத்தின் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் சொன்னதாகச் சொல்லாதீர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளின்படி, பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வன்புணர்வு வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவராகவே இருக்கிறார்.

கேட்பவர்கள் முதலில் பிரித்தறிய வேண்டியது வயதை. சொல்பவர் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால், சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்; ஆகவே "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று ஒரு சிறுமிக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் அதை மீறும் நிலைக்கு ஆளாகாதீர்கள். வயது வந்தவர் என்றால், புகார் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு அவருடையது. கொடுக்க விரும்பினால், சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். வாக்குமூலத்தைப் பெண் அலுவலரே பதிவு செய்ய வேண்டும்.

பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது குற்றம். இதை ஊரார் மட்டுமல்ல, அதிகாரிகளும் மறந்துவிடுகிறார்கள். பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2019ஆம் ஆண்டு புகார் கொடுத்தவரின் பெயர் அரசாணையிலேயே இடம்பெற்றது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர்

சட்டத்துக்கு முன்னால் உடம்பு இருக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. அன்று உடுத்தியிருந்த துணிகளைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்து எடுத்துவரச் சொல்லுங்கள். குளித்துவிட்டார், துவைத்துவிட்டார் என்றால் அதற்காக அவரைக் கடிந்துகொள்ளாமல் அப்படியே அழைத்து வாருங்கள். தனியார் மருத்துவமனையும் கட்டணமின்றிச் சிகிச்சை அளித்தாக வேண்டும். முதல் தகவல் அறிக்கை இருந்தால்தான் பார்ப்போம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஏற்கெனவே உடலுறவுப் பழக்கம் உள்ளவரா என்று பிறப்புறுப்பில் விரல்விட்டுப் பார்க்கும் இருவிரல் சோதனையைச் செய்வது முறைகேடு என்று உச்ச நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு மீண்டும் ஒருமுறை அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. நான் பணியாற்றிய காலத்தில், வரிசையில் உட்கார வைத்து, எல்லோர் காதிலும் விழும்படி "என்ன கேஸ்?" என்று கேட்டதைப் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி: தெற்குத் தெரு

பெண் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக் கொடுக்கும் நிகழ்ச்சியையும் சேர்த்துக்கொள்ளலாமே?

மறுமொழி: மலையோரம்

கராத்தே கற்பதில் தவறில்லை. ஆனால் அதை இந்தக் கூட்டத்தில் வைத்தால், "நீ ஏன் எதிர்த்து அடிக்கவில்லை" என்ற கேள்விக்கு நாமே மேடை போட்டுக் கொடுத்ததாகும். அச்சத்தில் உடல் உறைந்துபோவது பலருக்கும் நேர்வது.

தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தியை நினைத்துக்கொள்கிறேன். 1992 ஜூன் மாதம் சந்தனக் கட்டைச் சோதனை என்ற பெயரில் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் நுழைந்தவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள். பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் 215 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது; 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தனை ஆண்டுகளும் அந்தப் பெண்கள் தங்களுக்கு நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல முடிந்ததென்றால், அவர்களை நம்பி, நீதிமன்றம்வரை கூடவே நடந்த மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் அதற்கு ஒரு காரணம். ஆகவே உங்கள் கூட்டத்துக்கு அண்ணன், தம்பி, கணவன், மாமியார் எல்லோரையும் அழையுங்கள். ஒரு பெண் முதலில் சொல்வது அவர்களிடம்தான்.

ஆலமரத்தடி

அனைவருக்கும் நன்றி. அழைப்பிதழை மாற்றுகிறோம், 181 என்ற மகளிர் உதவி எண்ணும், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்தின் முகவரியும் அதில் இருக்கும். சென்ற ஆண்டு என்னிடம் பேசிய பெண்ணை நானாகத் தேடிப் போய்க் கேட்கலாமா?

ஓய்வுபெற்ற செவிலியர்

விவரம் கேட்டுப் போக வேண்டாம். தற்செயலாகத் தனியே சந்திக்கும்போது, "அன்று நீங்கள் சொன்னதை நான் நம்பினேன், எப்போது வேண்டுமானாலும் என்னிடம் பேசலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் பேச்சை மாற்றினால் நீங்களும் மாற்றிவிடுங்கள்.